லெப்பைக்குடிக்காட்டு கேசட்

மலர்க்கொடி வாசல் மண்ணில் குப்புறப் படுத்திருந்தாள். மடித்த கோணிச் சாக்கின் மேல் கேமரா இருந்தது. அதன் குழலில் வலது கண்ணை ஒட்டிவைத்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. மகள் சிந்தாமணி தட்டில் இருந்த பழைய சோற்றை விரலால் தள்ளித் தள்ளி ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிற எண்ணமே இல்லை. ஐந்து வயதுக் கை, தட்டின் விளிம்பு, அதற்குப் பின்னால் முருங்கை மரத்தின் அடிப்பாகம். இவ்வளவுதான் சட்டத்துக்குள் இருந்தது.

"நின்னுக்கிட்டு எடுக்கக் கூடாதாடி? பேய் புடிச்சவ கணக்கா மண்ணுல கெடந்து பொரளுற. தெருவுல நாலு பேரு போறாங்க வராங்க."

மாமியார் ஆண்டாயியின் குரல் பின்னாலிருந்து வந்தது. மலர்க்கொடி பத்து எண்ணி முடித்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பிறகுதான் பதில் சொன்னாள்.

"புள்ள ஒசரத்துக்கு இருந்து எடுக்கணுமாம் அத்தே. கடுதாசில போட்டிருக்கு."

கடுதாசியில் போட்டிருந்தால் ஆண்டாயிக்கு மறுபேச்சு கிடையாது. துபாயிலிருந்து மகன் எழுதியதாக நினைத்துக்கொண்டாள். அந்த வரிகளை எழுதியவன் அவள் மகன் இல்லை.

சாமிதுரை அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் வெல்டராக இருந்தவன். எண்பத்து நாலில் துபாய்க்குப் போனான். இரண்டு வருடம் கழித்து நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தபோது டி.வி., வீடியோ டெக், இந்தக் கேமரா மூன்றையும் கொண்டுவந்தான். காலனித் தெரு முழுக்க வந்து பார்த்தது. லீவு முடிகிற வாரத்தில் மலர்க்கொடியைக் கூப்பிட்டு, எந்தப் பொத்தான், எப்படிக் கேசட் போடுவது, பேட்டரியை எவ்வளவு நேரம் கரண்டில் வைப்பது என்று காட்டிக்கொடுத்தான். "வூட்ட எடுத்து அனுப்பு. பாப்பாவ எடு. ஆத்தாள எடு. மேல ரூம் கட்டுறத எடு. யாராச்சும் ஊருக்கு வந்துட்டுத் திரும்புனா குடுத்து வுடு." அவள் எட்டாவது வரை படித்தவள். ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் கேசட்டை லீவில் வந்து திரும்பிய ஆண்டிமடத்து ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "படத்தப் பாத்தா தல சுத்துது. ஆத்தா மூஞ்சி வந்ததும் ஓடிப் போயிடுது. ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க" என்று சாமிதுரை எழுதியிருந்தான். அதற்குக் கீழே நீல மையில் வேறு கையெழுத்து. எழுத்துகள் நிமிர்ந்து, இடைவெளி விட்டு நின்றன.

'தங்கச்சிக்கு, லெப்பைக்குடிக்காடு கமாலுதீன் எழுதுவது. சாமிதுரையும் நானும் ஒரே ரூம். முன்பு பெரம்பலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். கேமராவை வாசல் தெளிப்பதுபோல வீசாதீர்கள். ஒன்றை எடுக்க ஆரம்பித்தால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை அசையாதீர்கள். பார்க்கிறவன் அங்கே வந்து நிற்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.'

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அந்த நீல மை வந்தது. உச்சி வெயிலில் எடுத்தால் எல்லார் கண்ணும் குழிவிழுந்து திருடன் மாதிரி தெரியும், நாலு மணி வெயிலில் எடுங்கள். பொத்தானை அமுக்கித் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்காதீர்கள், நீங்களே நடந்து கிட்டே போங்கள். பிள்ளையை எடுக்கப் பிள்ளை உயரத்துக்கு இறங்குங்கள். ஒருமுறை கமால் அரைப்பக்கம் எழுதியிருந்தான். 'சந்தோஷமான வீட்டைக் காட்ட வேண்டுமானால் ஆட்களை நெருக்கி நிறுத்துங்கள். ஒருத்தர் தனியாக இருக்கிறார் என்று காட்ட வேண்டுமானால் அவரைச் சின்னதாக ஒரு ஓரத்தில் வையுங்கள், சுற்றி இடத்தைப் பெரிதாக விடுங்கள். துக்கத்துக்கு அழுகிற முகம் தேவையில்லை.'

மலர்க்கொடிக்கு அதுவரை பகல் என்பது ஆலைச் சங்கு மூன்று தடவை ஊதுவதுதான். முதல் சங்குக்கு உலை வைப்பாள், இரண்டாவதற்கு மாட்டுக்குத் தண்ணீர், மூன்றாவதற்கு விளக்கு. இப்போது சங்குக்கு நடுவில் இருந்ததெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. முருங்கை இலையில் படிந்திருந்த சிமெண்ட் தூசி, யாராவது கிளையை இழுத்தால் மட்டும் மாவு சலித்ததுபோல உதிர்ந்தது. சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரி போனால் சுவரில் மாட்டியிருந்த சாமிதுரையின் போட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது, அடுத்த லாரிக்கு நேரானது. நாலு மணிக்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலின் ஒரு காலில் ஏறும், ஐந்து மணிக்குள் அவனுடைய தலைமாட்டுக்குப் போய்ச் சேரும். அவள் அதை எடுத்தாள். கேமராவை அம்மியின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். ஆள் இல்லாத கட்டிலும் வெயிலும் நாலு நிமிடம் ஓடியது.

"காலிக் கட்டில எதுக்கு எடுத்து டேப்ப வேஸ்ட் பண்ற? செவுத்துல ஓதம் ஏறியிருக்கு, கொத்தனார்கிட்ட சொல்லு" என்று சாமிதுரை எழுதினான்.

'கட்டிலை எடுத்தது நன்றாக வந்திருக்கிறது' என்றது நீல மை. 'சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.'

அந்த இரண்டு வரியை அவள் பலமுறை படித்தாள். மனசில் கள்ளம் ஒன்றும் இல்லை. கடிதத்தை எல்லாக் கடிதங்களோடும் சேர்த்து அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில்தான் வைத்தாள். அந்தக் கட்டிலுக்கு எதிரே அவள் நின்றது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். எண்பத்தெட்டு ஆவணிக்குள் ஒன்பது கேசட் போயிருந்தது.

புரட்டாசியில் வந்த கடிதத்தில் சாமிதுரையே அதைக் கேட்டிருந்தான். "கமால் பாய் வூட்டுல கேமரா இல்ல. போயி நாலு வருசம் ஆவுது, ஒரு தடவகூட ஊருக்கு வரல. நீ ஒரு நாளு லெப்பைக்குடிக்காட்டுக்குப் போயி அவங்க வூட்ட எடுத்து அனுப்பு. தனியாப் போவாத. கண்ணகியக் கூட்டிக்க."

கண்ணகி சாமிதுரையின் தங்கை, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். ஊர் பார்க்கப் போகிறோம் என்றதும் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுச் செந்தூர நிறப் புடவையில் வந்து நின்றாள். கேமராவைப் பழைய சேலையில் சுற்றி, அரிசிப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டார்கள். அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் திட்டக்குடி பஸ். மழை ஏமாற்றிய வருடம். கரிசல் வெடித்துக் கிடந்தது, பருத்தி முழங்காலுக்கு மேல் எழவில்லை. கண்ணகி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மலர்க்கொடி பையை மடியில் வைத்து, குலுங்கும்போதெல்லாம் பிள்ளையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கமாலின் வீடு பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் முன்னும் பின்னுமாக நீண்டு கிடந்தது. முன்னால் கூடம், நடுவில் அறைகள், கடைசியில் அடுப்படியும் கிணறும். கமாலின் தாயார் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டபடி வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். ரோஸ் நிற சர்பத் வந்தது. கண்ணகி தயங்கினாள். தங்களுக்கென்று தனி டம்ளர் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர்தான் இருந்தது. வீட்டுப் பிள்ளை ஒன்று பாதி குடித்ததை அதே தட்டில் கொண்டுவந்து வைத்தது.

தாயாரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தாள். அவர் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோலக் கேமராவைப் பார்த்துக் கத்தினார். "கமாலு! நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா! நீ நேரத்துக்குச் சாப்புடு!" தம்பி காஜா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். தம்பியின் பிள்ளைகள் நாலும் குதித்தார்கள். எல்லாரையும் நெருக்கி நிறுத்தி எடுத்தாள். நல்ல வெளிச்சம், நல்ல சிரிப்பு.

"அண்ணனோட சம்சாரம்?" என்று கண்ணகிதான் கேட்டாள்.

"மருமவ முன்னாடி வர மாட்டாம்மா. அங்க ரூமுல எட்டு ஆம்பளைங்க உக்காந்து பாப்பாங்கல்ல, கோஷா இருக்குற புள்ளைய எப்புடி? அவ சலாம் சொன்னான்னு நானே சொல்லிட்டேன்" என்றார் தாயார்.

நடுவறைத் திரை லேசாக அசைந்தது. திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பிறகு போய்விட்டன.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் காஜா பள்ளிவாசலுக்குப் போனான், தாயார் தொழ உள்ளே போனார். சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணகி ஃபேனுக்கு அடியில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். மலர்க்கொடி கை கழுவுகிற சாக்கில் கேமராவையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். கிணற்றுக்கு எதிரே கடைசி அறையின் வாசற்படியில் ஒருத்தி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியாக இருந்தாள். தலைத்துணி நழுவியதைக்கூடக் கவனிக்காமல் கேமராவையே பார்த்தாள்.

"அதுல சத்தமும் வருமாக்கா?"

"வரும்."

"அப்ப நான் பேசல. ரூமுல எல்லாரும் கேப்பாங்க."

ஜைத்தூன் என்று தன் பெயரைச் சொன்னாள். மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அரிசியில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கல் பொறுக்கினார்கள்.

"கடுதாசிய கொழுந்தன்தான் எழுதுறாரு" என்றாள் ஜைத்தூன். குரல் முறத்தைத் தாண்டவில்லை. "கடைசில 'ஜைத்தூன் நலம்'னு ஒரு வரி போடுவாரு. பொய்யில்ல. சோறு திங்கிறேன், வேல செய்யிறேன். இவங்களும் ஒரு கொறயும் வைக்கல. ஆனா நான் நல்லா இல்லக்கா."

மீதியையும் ஜைத்தூனே சொன்னாள். கமால் போனபோது வயிற்றில் ஐந்து மாதம். ஆண் பிள்ளை. பிறந்து சத்தமே வரவில்லை. பெயர் வைக்கிற அளவுக்குக்கூட அது இருக்கவில்லை. வீட்டில் எழுதினார்கள். அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இரு என்று பதில் வந்தது. "அவருக்கும் அழுகதான் வந்திருக்கும். அவரு அழுதத நான் பாக்கல. நான் அழுதத அவரு பாக்கல. ரெண்டு வருசத்துல வரேன்னவரு, தங்கச்சி நிக்காஹ்வுக்காக இன்னும் ரெண்டு வருசம் கையெழுத்துப் போட்டாரு. இப்ப மூணாவது தடவ போடப்போறாருன்னு பேசிக்கிறாங்க."

"வரச் சொல்லி எழுதச் சொல்லேன்."

"அடுத்தவங்க கையால எப்புடிக்கா எழுதச் சொல்ல?" ஜைத்தூன் ஒரு கல்லை எடுத்துப் படிக்கு வெளியே வீசினாள். "அவருக்குத் தெரியணும். சொல்லாமத் தெரியணும்."

மலர்க்கொடிக்குப் பயமாக இருந்தது. அடுத்த வீட்டு விஷயம். சர்பத் கொடுத்து, சோறு போட்டு, ஃபேன் போட்டு உட்காரவைத்தவர்கள். அவர்கள் காட்டச் சொன்னதை எடுத்தாயிற்று, போகலாம். உள்ளேயிருந்து தாயார் தொழுகையில் குனிந்து நிமிர்கிறபோது வரும் மூட்டுச் சத்தம் கேட்டது. தொழுகை முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்? கால் மணி இருக்கும்.

"நீ எப்பவும் எங்க உக்காருவ?" என்று கேட்டாள்.

"இங்கதான். இதே படியில."

"எந்திரி."

அவள் எழுந்ததும் அந்த இடத்தில் பக்கத்தில் கிடந்த காலி அரிசி டின்னைக் கவிழ்த்துப்போட்டுக் கேமராவை வைத்தாள். உயரத்தைப் பார்த்தாள். டின்னுக்கு மேல் ஒரு பலகையும் மடித்த துணியும் வைத்தாள். இன்னும் நாலு விரல். ஜைத்தூனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கேமராவின் கண் அவள் கண்ணுக்குச் சமமாக வரும்வரை துணியை மடித்தாள். பிறகு எடுத்தாள். கிணறு. அதன் மேல் வழிந்து காய்ந்த பாசி. கொடியில் தம்பி பிள்ளைகளின் சட்டைகள் எட்டு வரிசையாக, கடைசியில் இடைவெளி விட்டு ஒரு வெளிர்நீலத் தலைத்துணி. தாழ்ப்பாள் போட்ட கொல்லைக் கதவு. அதற்கு மேல் பெரிய வெற்று வானம். கேமராவைத் திருப்பவில்லை. பத்து எண்ணவும் இல்லை. முன்கட்டில் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம் வெகுதூரத்தில் நடப்பதுபோல வந்தது.

"முறத்த இங்க வை. கை மட்டும் போதும்."

சட்டத்தின் கீழ் மூலையில் ஜைத்தூனின் கை வந்தது. அரிசியைப் பரப்பியது. ஒரு கல்லை எடுத்தது. இன்னொன்று. பிறகு அரிசியின் மேல் அப்படியே நின்றுபோனது. ஏன் நிறுத்தினாள் என்று மலர்க்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் அரிசிக்குள் மெல்லப் புதைந்தன. ரொம்ப நேரம் கழித்துக் கை விலகியது. அரிசியில் ஐந்து குழி இருந்தது.

கடைசியாக அறைக்குள் போனாள். கட்டிலில் இரண்டு தலையணை. ஒன்றில் குழி விழுந்திருந்தது, மற்றது உறை போட்டபடி விறைப்பாக இருந்தது. அங்கிருந்து கேமராவை மெல்ல மெல்லச் சுவரோடு மேலே கொண்டுபோனாள். உத்தரத்தில் தூளி கட்டும் இரும்பு வளையம். போகிறதற்கு முந்தின நாள் அவனே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியது என்று ஜைத்தூன் வாசலில் நின்று சொன்னாள். சொன்னபோது மேலே பார்க்கவில்லை.

"அங்க என்னத்தம்மா எடுக்குற? கெணத்தையா?" தாயார் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டே வந்தார்.

"ஆமாங்க. கெணறு நல்லாருக்கு, அதான்."

"அது அவுங்க வாப்பா வெட்டுனது. நல்ல தண்ணி" என்று தாயார் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தாள். முதல் அரைமணி யாருக்கும் பிடிக்கும். பிறகு அந்தப் பின்கட்டு. இதற்கு மேல் சிந்தாமணி ஆடுவதை எடுத்துவிட்டால் அழிந்துபோகும், யாருக்கும் தெரியாது. பதினோரு நாள் கேசட்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். கமால் வேலையை விட்டால் அந்தத் தங்கச்சியின் கல்யாணக் கடன் என்ன ஆகும்? விடாவிட்டால்? பன்னிரண்டாம் நாள் ஆண்டிமடத்து ஆள் கிளம்புகிறார் என்று சேதி வந்தது. புதுத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

கார்த்திகையில் பதில் வந்தது. நீல மை இல்லை. கவரைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். சாமிதுரையின் ஒற்றைப் பக்கம் மட்டும்தான் இருந்தது.

"உன்ன அவங்க வூட்ட எடுக்கச் சொன்னேன், கெணத்தையும் கதவையும் யாரு எடுக்கச் சொன்னா? பாதிப் பேரு எழுந்து போயிட்டாங்க. கமால் பாய் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிட்டான். நாங்க ஏழு பேரும் ஒரு மணி நேரம் மாடிப்படியில நின்னோம். கதவத் தொறந்தப்ப டி.வி. ஓடிக்கிட்டிருந்துச்சு, அவன் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். மறுநாளே ஊருக்குப் போறேன்னு கம்பெனியில எழுதிக் குடுத்துட்டான். சொன்னா கேக்க மாட்டேங்குறான். அடுத்தவங்க வூட்டு விசயம் உனக்கு எதுக்கு? இனிமே கொஞ்ச நாளைக்கு எதையும் எடுக்க வேணாம்."

அவள் எடுக்கவில்லை. கேமராவைச் சேலையில் சுற்றிப் பரணில் வைத்தாள். தை மாதம் மேல் அறைக்குக் காரை பூசினார்கள். ஆலைச் சங்கு மூன்று தடவை ஊதியது, முருங்கை பூத்தது, ஆண்டாயிக்கு மூட்டு வலி வந்து போனது. நாலு மணிக்கு வெயில் உள்ளே வருகிற நேரத்தில் அவள் வேண்டுமென்றே மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவாள். இருந்தாலும் எந்த உயரத்திலிருந்து பார்த்தால் மாட்டின் கண் எப்படித் தெரியும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால், லெப்பைக்குடிக்காட்டிலிருந்து யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்களோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன், பின்னால் கறுப்பு அங்கியில் ஒருத்தி. ஜைத்தூனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மலர்க்கொடிக்கு யார் என்று தெரிந்தது. கமால் அவள் நினைத்திருந்ததைவிடக் குட்டையாக இருந்தான். காதோரம் நரைத்திருந்தது. ஆண்டாயி பாயை உதறிப் போட்டாள்.

"நல்லாருக்கீங்களா தங்கச்சி" என்றான். அவளை நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். டீ வந்தது. குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"எது மேல வச்சு எடுத்தீங்க அத?"

"அரிசி டின்னு மேலங்க."

"அதான்." தலையை ஆட்டினான். "அவ படியில உக்காந்தா கண்ணு எங்க வரும்னு எனக்குத் தெரியும்." ஜைத்தூன் ஆண்டாயியின் காலுக்கு என்ன தைலம் தேய்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாயார் இரண்டு வாரம் பேசவில்லையாம், இப்போது பேசுகிறாராம். பெரம்பலூரில் பழைய கடையையே வாடகைக்குப் பிடித்திருக்கிறான். கல்யாண வீடுகளில் வீடியோ கேட்கிறார்கள். "எங்காளுங்க கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் நான் போவ முடியாது. நீங்க வந்து எடுத்தா நல்லாருக்கும். சாமிதுரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

"கடுதாசி போட்டுக் கேக்குறேங்க" என்றாள்.

பெட்டியைப் பிரித்தான். சோப்பு, பால் பவுடர், சிந்தாமணிக்கு ஜரிகை வைத்த கவுன், ஆண்டாயிக்குப் போர்வை, தலைவலித் தைலம். அடியில் செய்தித்தாளில் கட்டிய கனமான பொட்டலம். "இது கேசட்டுங்க. ஒம்பது இருக்கு. ரூமுல வைக்க எடமில்ல, இதுமேலயே திரும்ப எடுத்துக்கலாம்னு சாமிதுரை குடுத்தான்."

மலர்க்கொடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, கமால் அவசரமாகச் சொன்னான். "தப்பா நெனச்சுக்காதீங்க. அவன் டபுள் டூட்டி பாத்துட்டு வர்றவன். பாப்பா மொகம் வர்ற வரைக்கும் முழிச்சிருப்பான். பாத்துச் சிரிப்பான். அப்பறம் அப்புடியே அசந்துருவான். கடைசி வரைக்கும் பாக்குறது நான்தான்..."

வெளியே லாரி ஒன்று போனது. டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"அங்க அவ்வளவு வேலைங்களா?" என்றாள் மலர்க்கொடி.

"ஆமாங்க. கண்ணக் கட்டிரும்."

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜைத்தூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் தெருமுனை வரை வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கமால் பத்தடி முன்னால் நடந்தான், திரும்பித் திரும்பிப் பார்த்து நின்று நடந்தான்.

"உங்க வூட்டுக்காரரு எப்பக்கா வர்றாங்க?"

"அடுத்த வருசம்னு போட்டிருக்காங்க."

ஜைத்தூன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆண்டாயியும் சிந்தாமணியும் புதுக் கவுனைக் காட்டக் கண்ணகி வீட்டுக்குப் போயிருந்தார்கள். மலர்க்கொடி பொட்டலத்தைப் பிரித்து ஒன்பதையும் தரையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவளுடைய கையெழுத்தில் தேதி இருந்தது. கட்டிலும் வெயிலும் இருந்ததை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். சாமிதுரையின் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மகளின் முகம் வரும்வரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிற ஒருவனைத்தான் நினைக்க முடிந்தது. அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் இத்தனை நாள் எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதைக் கடைசிவரை பார்த்திருந்த கண்கள் இப்போது பெரம்பலூருக்கு வந்துவிட்டன. கேசட்டுகளை ஒவ்வொன்றாகத் தகரப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றை மட்டும் வெளியே வைத்தாள், தலை சுற்றவைத்த முதல் கேசட்.

பரணிலிருந்து கேமராவை இறக்கித் தூசி தட்டி, அந்தக் கேசட்டை உள்ளே போட்டாள். பேட்டரியை ஒரு மணி நேரம் கரண்டில் போட்டாள். பிறகு தோளில் வைத்துக்கொண்டு தெருவின் கடைசி வீட்டைத் தாண்டி நடந்தாள்.

காலனிக்குக் கிழக்கே ஆலை தோண்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக் குவாரி இருந்தது. பல வருட மழைத் தண்ணீர் அடியில் தேங்கிப் பச்சையாக நின்றது. அங்கே யாரும் அதிகம் வருவதில்லை. விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, அதன் மேல் கேமராவை ஊன்றினாள். குழலுக்குள் பள்ளம் முழுவதும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. எதிர்ச் சரிவில், தண்ணீருக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர்க்காரி என்று அடையாளம் தெரியவில்லை. கிட்டே இழுக்கும் பொத்தானில் விரல் இருந்தது. மலர்க்கொடி அதை அமுக்கவில்லை.

அந்தப் பெண் துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். கல்லின் மேல் அடித்தாள். சத்தம் இல்லை. அவள் மறுபடி நிமிர்ந்து துணியைத் தூக்குகிறபோதுதான், அடித்த சத்தம் தண்ணீரைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி ஒன்றுமில்லை. பிறகு வந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மலர்க்கொடி அசையாமல், ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சத்தம் வந்து சேர்வதற்காகக் காத்திருந்தாள்.